கச்சான் காற்றும் கொச்சி மரமும்

வீட்டுத் தோட்டம்



ஒலுவிலில் இருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் கையில் கிடைத்தபோது உறை சற்றுப் பருமனாக இருந்தது. பிரித்துப் பார்த்தால் கடிதத்தோடு கடதாசியில் மடித்த நான்கு கொச்சி இலைகள். பச்சை நிறம் போய் மணல் தூவினாற் போல வெளிறிக் கிடந்தன. ஓர் இலையைத் திருப்பிப் பூதக்கண்ணாடியை வைத்தேன். தபாலில் இத்தனை தூரம் வந்த பிறகும் அடியில் இரண்டு மூன்று சிறு புள்ளிகள் ஊர்ந்து கொண்டிருந்தன! என் வீட்டுச் செடிகளுக்கும் விருந்து வந்துவிடுமே என்று அஞ்சி, பார்த்து முடித்ததும் இலைகளை அடுப்பில் போட்டுவிட்டேன்.

அந்தச் சகோதரி அழகுக் கொச்சி வளர்க்கிறார். காய்கள் வானத்தைப் பார்த்துக் கொத்தாக நிற்கும். ஊதா, வெண்மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று ஒரே மரத்தில் நான்கு நிறம் காட்டும். பெயின்ட் வாளிகளிலும் மண்சட்டிகளிலுமாக 38 செடிகள். கல்யாண வீடுகளுக்கும் பெருநாள் காலத்தில் வாசலில் வைப்பதற்கும் வாங்கிப் போவார்கள். அந்தப் பணத்தில்தான் மூத்த மகளின் உயர்தர வகுப்புக் கட்டணம் போகிறது. கச்சான் காற்று வீசத் தொடங்கி மூன்று கிழமைக்குள் பாதிச் செடிகளின் இலை வெளுத்து உதிர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டார் வைரஸ் என்றார்களாம். காக்கா வயலுக்கு அடித்து மிஞ்சிய மருந்தைக் கொண்டு வந்து அடித்துப் பார்த்தாராம். ஒரு கிழமை அடங்கியிருந்து, பிறகு முன்னையிலும் மோசமாக வந்ததாம். எல்லாவற்றையும் பிடுங்கி எறிவதா என்று கேட்டிருந்தார்.

கடிதத்தில் பதில் எழுதுவதைவிட நேரில் பார்ப்பது நல்லது என்று தோன்றியது. நிந்தவூரைத் தாண்டி, களியோடைப் பாலம் கடந்து, ஒலுவிலில் இறங்கி நடந்தேன். கடலோரத்து மணல் வளவு. வீட்டுக்கு முன்னால் கிறவல் பாதை. வாகனம் போகும் ஒவ்வொரு தடவையும் புழுதி எழும்பி வேலியோரத்துச் சட்டிகளின் மேல் படிந்தது. மிக மோசமாக வாடியிருந்த செடிகளும் அந்த வேலியோரத்துச் செடிகள்தாம்.

"ராத்தா, எல்லாத்தையும் புடுங்கி எறியட்டா?" என்றார் அவர்.

"பொறு புள்ள, மொதல்ல ஒரு வெள்ளக் கடதாசி எடு" என்றேன்.

வெள்ளைக் கடதாசிச் சோதனை

மருந்துக்கு முன்னால் நோய் இன்னதென்று அறிய வேண்டும். இதற்குச் செலவில்லை. வெளிறிய கிளை ஒன்றின் கீழே வெள்ளைக் கடதாசியைப் பிடித்துக் கிளையை இரண்டு மூன்று தடவை தட்டுங்கள். கடதாசியில் தூசு விழும். ஒரு நிமிடம் அசையாமல் பாருங்கள். தூசுகளில் சில நடக்கத் தொடங்கினால் அவை சிலந்திப்பேன்கள். விரலால் தேய்த்தால் பச்சையாகவோ செம்மையாகவோ கோடு விழும். கைத்தொலைபேசிக் கமராவைப் பெரிதாக்கியும் பார்க்கலாம்.

அந்த வளவில் கடதாசி முழுவதும் நடந்தது. வீட்டுக்காரச் சகோதரி இரண்டு அடி பின்னால் போய்விட்டார்.

சிலந்திப்பேன், பெயருக்கேற்ப, பூச்சி இனத்தைச் சேர்ந்ததல்ல. சிலந்தி, உண்ணி ஆகியவற்றின் உறவு. வளர்ந்ததற்கு எட்டுக் கால்; நீளம் ஏறக்குறைய அரை மில்லிமீற்றர். உலகெங்கும் பரவியிருக்கும் இரட்டைப் புள்ளிச் சிலந்திப்பேனுக்கு 1836 இல் கோக் என்ற ஜேர்மன் அறிஞர் டெட்ராநிக்கஸ் ஊர்ட்டிகே என்று பெயர் வைத்தார். இது இலையின் அடிப்பக்கத்தில் இருந்து, ஊசி போன்ற வாயால் இலையின் நுண்ணறைகளை ஒவ்வொன்றாகக் குத்தி உள்ளே இருப்பதை உறிஞ்சுகிறது. குத்திய இடமெல்லாம் மேல்பக்கத்தில் குண்டூசி முனை அளவில் மஞ்சள் புள்ளியாகத் தெரியும். புள்ளிகள் கூடிக்கூடி இலை முழுவதும் வெளிறும். பிறகு செம்பு நிறமாகி உதிரும். கூட்டம் பெருகியதும் கிளைக்குக் கிளை மெல்லிய நூல் வலை கட்டும். வலை கண்ணுக்குத் தெரிகிற நேரம் நாம் ஏற்கெனவே பிந்திவிட்டோம் என்று கொள்ளுங்கள்.

எல்லா வாட்டமும் இதுவல்ல

கொச்சி மரத்தின் இலை கெடுவதற்குக் காரணங்கள் பல. இவற்றைப் பிரித்தறியாமல் மருந்தடித்தால் காசும் போகும், செடியும் போகும்.

அடி இலைகளில் முதலில் மஞ்சள் புள்ளி விழுந்து, அடிப்புறத்தில் தூசும் நூலும் இருந்தால் சிலந்திப்பேன்.

நுனிக் குருத்து மட்டும் ஒடுங்கி, இலை ஓரங்கள் கீழ்நோக்கி மடிந்து, கவிழ்த்த தோணி போலத் தெரிந்தால் அது மஞ்சள் சிற்றுண்ணி. இதுவும் சிலந்திப்பேனின் இனந்தான். ஆனால் இன்னும் சிறியது, வலை கட்டாது, வெறுங்கண்ணுக்குப் புலப்படாது.

இலை ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டு, அடியில் வெள்ளி மினுக்கமும் கரும்புள்ளிகளும் இருந்தால் பனிப்பூச்சி.

இலை பிசுபிசுத்து, எறும்பு ஏறி, கரி படிந்தாற் போல இருந்தால் அழுக்கணவன் அல்லது வெண் ஈ.

இலை சிறுத்துத் தடித்து, நரம்பு புடைத்து, செடி குட்டையாகி நின்றுவிட்டால் வைரஸ் நோயாக இருக்கலாம். இதற்கு மருந்தில்லை. அந்தச் செடியைப் பிடுங்கி அழித்துவிடுவதே மற்றச் செடிகளுக்குச் செய்யும் உதவி.

எம் கடலோர ஊர்களுக்கு இன்னொன்றும் உண்டு. புள்ளி எதுவும் இல்லாமல் இலையின் நுனியும் ஓரமும் மட்டும் தீய்ந்திருந்தால் அது உப்புக் காற்றாலோ உவர் கிணற்று நீராலோ வந்ததாக இருக்கக் கூடும். சட்டியை வீட்டின் மறைவுக்கு மாற்றி, நல்ல தண்ணீர் ஊற்றினால் புதுக் குருத்து சுத்தமாக வரும்.

ஒலுவில் வளவில் இருந்த 38 செடிகளில் 5 செடிகள் குட்டையாகி நரம்பு புடைத்திருந்தன. பக்கத்து வீட்டார் சொன்னது அந்த ஐந்துக்குப் பொருந்தும். மற்ற 33 செடிகளின் பிரச்சினை சிலந்திப்பேன் மட்டுமே. இதைச் சொன்னதும் அவருடைய முகம் தெளிந்தது.

கச்சானில் ஏன் பெருகுகிறது?

சிலந்திப்பேனுக்கு வெப்பமும் வறட்சியும் பிடிக்கும். 30 பாகை செல்சியஸ் அளவு வெப்பத்தில் முட்டை மூன்று நாளளவில் பொரித்துவிடும். முட்டையில் இருந்து வளர்ந்த பேனாவதற்கு ஒரு கிழமை முதல் பத்து நாள் வரை போதும். ஒரு பெண்பேன் தன் வாழ்நாளில் நூறு முட்டை வரை இடும். துணை கிடைக்காத பெண்பேனும் முட்டையிடும். அவற்றில் ஆண்கள் மட்டுமே பிறக்கும். ஆகவே ஒரேயொரு பெண்பேன் வந்து சேர்ந்தாலும் குடும்பம் உண்டாகிவிடும். மாரி காலத்து மழை இவற்றை அடித்துக் கழுவிவிடுகிறது. கச்சான் காலத்தில் கழுவுவதற்கு மழை இல்லை. தண்ணீருக்கு ஏங்கும் செடியும் புழுதி படிந்த இலையும் இதற்கு நல்ல மேய்ச்சல்.

யூரியாவை அள்ளிப் போட்டாலும் இது பெருகும். தழைச்சத்து மிகுந்து கொழுத்த இலை இதற்கு விருப்பமான சாப்பாடு. "இலை வெளுத்திருக்கு, உரம் பத்தல்ல" என்று நினைத்து நாம் யூரியா போடுவோம். பேன் எமக்கு நன்றி சொல்லும்.

பரவுவது காற்றில். நூலைப் பிடித்துக் கொண்டு காற்றோடு பறந்துவிடும். எமது உடையிலும் ஒட்டிக்கொண்டு போகும். சட்டிகளுக்கு இடையில் அபாயாவோ சேலையோ உரசும்படி நடந்தால் நாமே அதற்கு வாகனம். ஆகவே நல்ல செடிகளை முதலில் பார்த்துவிட்டு, நோயுள்ளவற்றைக் கடைசியில் தொடுங்கள். புதிதாக வாங்கிய செடியைப் பத்துப் பதினைந்து நாள் தனியாக வைத்துப் பார்த்த பின்னரே மற்றவற்றோடு சேருங்கள். ஒருமுறை ஒரு நாற்றுமேடையில் அழகான செடி ஒன்றை வாங்கி வந்து அன்றைக்கே வரிசையில் வைத்து, பன்னிரண்டு செடிகளைப் பறிகொடுத்தவள் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

வயல் மருந்து செய்த வேலை

காக்கா அடித்த மருந்தினால் ஏன் கூடியது? பூச்சியைக் கொல்லும் மருந்துகளில் பல சிலந்திப்பேனைக் கொல்வதில்லை. ஆனால் சிலந்திப்பேனைத் தின்று வாழும் நல்ல சீவன்களைக் கொன்றுவிடுகின்றன. கடுகளவான கறுப்பு வண்டு ஒன்று உண்டு; அதுவும் அதன் புழுவும் பேனையும் முட்டையையும் தின்னும். பேனைத் தின்னும் பேனும் உண்டு. செம்மஞ்சள் நிறமாக, மற்றவற்றைவிட வேகமாக ஓடும். இவை செத்தால் சிலந்திப்பேனைக் கேட்பாரில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் டிடிடி போன்ற மருந்துகளை உலகெங்கும் தெளித்த காலத்தில்தான் சிலந்திப்பேன் பல பயிர்களில் பெரும் பீடையாக மாறியது.

இதற்கு மாற்று வழியும் உண்டு. 1958 இல் சிலி நாட்டில் இருந்து ஜேர்மனிக்குப் போன ஓர்க்கிட் செடிகளில் பேன் தின்னிப் பேன் ஒன்றைக் கண்டார்கள். இன்று கண்ணாடி வீடுகளில் பயிர் செய்யும் நாடுகளில் அதை வளர்த்து விற்கிறார்கள். எமது நாட்டிலும் இப்படியொரு அனுபவம் இருக்கிறது. 1997 இல் கற்பிட்டிப் பக்கத்தில் தென்னையில் புதிய சிற்றுண்ணி ஒன்று கண்டறியப்பட்டது. குரும்பைகள் தழும்பேறிச் சிறுத்தன. லுணுவிலவில் உள்ள தெங்கு ஆராய்ச்சி நிலையம் அந்தச் சிற்றுண்ணியைத் தின்னும் மற்றொரு சிற்றுண்ணியை வளர்த்துத் தோட்டங்களில் விட்டது. சட்டியில் கறுப்பு வண்டைக் கண்டால் நசுக்கிவிடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

செய்ய வேண்டியவை

1. பிரித்து வையுங்கள். நோயுள்ள சட்டிகளைக் காற்று வீசும் திசைக்கு எதிர்ப்புறமாக, அதாவது அங்கிருந்து வீசும் காற்று நல்ல செடிகளின் மேல் படாத இடத்துக்கு மாற்றுங்கள். மிக மோசமான இலைகளைக் கிள்ளிப் பையில் போட்டுக் கட்டி, எரியுங்கள் அல்லது ஆழமாகப் புதையுங்கள். கூட்டுப்பசளைக் குழியில் போட வேண்டாம்.

2. கழுவுங்கள். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். சட்டி மண்ணைப் பொலித்தீன் பையால் மூடிக் கட்டி, செடியைச் சாய்த்துப் பிடித்து, இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரை விசையாக அடியுங்கள். குழாய் இல்லாவிட்டால் வாளித் தண்ணீரில் செடியைத் தலைகீழாக முக்கி அலசலாம். காலையில் வெள்ளனச் செய்தால் வெயிலேற முன் இலை காய்ந்துவிடும். மூன்று நாள் தொடர்ந்து செய்யுங்கள்.

3. சவர்க்காரமும் வேப்பெண்ணெயும். ஒரு லீற்றர் தண்ணீருக்குச் சீவிய பார் சவர்க்காரம் ஒரு தேக்கரண்டி, வேப்பெண்ணெய் ஒரு தேக்கரண்டி. முதலில் இளஞ்சூட்டுத் தண்ணீர் கொஞ்சத்தில் சவர்க்காரத்தைக் கரைத்து, அதில் எண்ணெயை விட்டு நன்றாக அடித்துக் கலக்குங்கள். பால் போல வந்ததும் மீதித் தண்ணீரைச் சேருங்கள். சலவைத் தூள் வேண்டாம், இலையைக் கருக்கும். கிணற்று நீர் சவர்க்காரம் நுரைக்காத வன்னீராக இருந்தால் சேமித்த மழை நீரையோ குழாய் நீரையோ எடுங்கள். முதலில் ஒரு கிளையில் மட்டும் அடித்து ஒரு நாள் பார்த்து, இலை கருகாவிட்டால் முழுச் செடிக்கும் அடியுங்கள். கலந்ததை அன்றைக்கே முடித்துவிடுங்கள்.

வேப்பெண்ணெய் கிடைக்காதவர்கள் காய்ந்த வேப்பம் பருப்பு 50 கிராம் எடுத்து இடித்து, துணியில் கட்டி, ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவிட்டுப் பிழிந்து வடித்து, சிறிது சவர்க்காரம் சேர்த்து அடிக்கலாம். சமையலுக்குள்ள உரலில் இடிக்காதீர்கள். கசப்பு இலேசில் போகாது.

4. நேரமும் இடமும். வெயில் தாழ்ந்த பின் அடியுங்கள். இலையின் அடிப்பக்கம் நனைந்து சொட்ட வேண்டும். இந்தக் கரைசல் உடலில் படும் பேனைத்தான் கொல்லும். மேல்பக்கத்தை மட்டும் நனைப்பது வீண்.

5. திரும்பத் திரும்ப. பலர் தவறுவது இங்கேதான். ஒருமுறை அடித்ததும் பேன் செத்துவிடும், முட்டை தப்பிவிடும். மூன்று நாளில் பொரித்து, அடுத்த கிழமை மீண்டும் பெருகும். ஆகவே ஐந்து நாளுக்கு ஒருமுறை, நான்கு தடவை அடியுங்கள். அடுத்த முட்டை போடுவதற்கு முன்னால் குஞ்சுகளைப் பிடிக்கிற கணக்கு இது. கலண்டரில் குறித்து வையுங்கள்.

6. பராமரிப்பு. தண்ணீரை ஒழுங்காக ஊற்றுங்கள். சட்டி மண்ணின் மேல் தும்பு அல்லது வைக்கோல் பரப்புங்கள். உச்சி வெயிலில் நிழல் கொடுங்கள். புழுதி படியாத இடத்தில் வையுங்கள். சிலந்திப்பேன் ஒழியும் வரை யூரியா வேண்டாம்.

இவ்வளவுக்கும் அடங்காவிட்டால் மட்டும் வேறு மருந்தைப் பற்றி யோசியுங்கள். கந்தகத் தூள் சிற்றுண்ணிகளுக்குப் பழைய மருந்து. ஆனால் வெப்பம் 32 பாகையைத் தாண்டும் நாட்களில் இலையைச் சுட்டுவிடும். எண்ணெய் அடித்த இரண்டு கிழமைக்குள்ளும் போடக் கூடாது. கச்சான் நாட்களில் இந்தக் கட்டுப்பாடுகளோடு அதைக் கையாள்வது எளிதல்ல. எனவே பாதிக்கப்பட்ட இலையைப் பையில் கட்டி எடுத்துப் போய் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டிக் கேளுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் ஆலோசனை பெறலாம்.

அலுமாரி மேல் இருந்த போத்தல்

இனி, அன்று என்னை நடுங்க வைத்த விடயத்துக்கு வருகிறேன். தேநீர் போட அவர் குசினிக்குள் போனபோது நானும் பின்னால் போனேன். மருந்து எங்கே என்று கேட்டேன். சாமான் அலுமாரியின் மேல் தட்டைக் காட்டினார். எண்ணெய்ப் போத்தலுக்கும் வினாகிரிக்கும் நடுவில், சோடாப் போத்தலில் பாதியளவு வயல் மருந்து. மேலே எந்தத் துண்டும் ஒட்டப்படவில்லை. அவருடைய நான்கு வயது மகன் கதிரையில் ஏறி அந்த அலுமாரியில்தான் சீனி தேடுவானாம்.

சகோதரிகளே, சோடாப் போத்தலில் உள்ளது சோடாவா மருந்தா என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? சில வேளை பெரியவர்களுக்கே தெரிவதில்லை. பீடைநாசினிகளைக் கட்டுப்படுத்த எமது நாட்டில் 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. மிகக் கொடிய வகை மருந்துகளின் இறக்குமதி 1995 இலும், எண்டோசல்பான் 1998 இலும் நிறுத்தப்பட்ட பின்னர் நஞ்சினால் ஏற்படும் மரணங்கள் இந்நாட்டில் வெகுவாகக் குறைந்தன. அத்தனை உயிர்கள் அந்தப் போத்தல்களில் அடங்கியிருந்தன என்பதற்கு அதுவே சாட்சி. சட்டம் துறைமுகம் வரை காவல் காக்கும். குசினி அலுமாரிக்கு நாம்தான் காவல்.

மருந்து அதன் சொந்தப் போத்தலிலேயே, துண்டோடு இருக்க வேண்டும். உணவுப் பொருட்களில் இருந்து விலகி, பூட்டுள்ள பெட்டியில், பிள்ளைகளுக்கு எட்டாமல் இருக்க வேண்டும். நெல்லுக்குக் கொடுத்ததைக் கொச்சிக்கு அடிக்கக் கூடாது. அழகுக்கு வைத்த கொச்சியென்றாலும் சம்பல் இடிக்கும்போது கை அதற்குத்தான் போகும். மருந்தடித்த காயை, துண்டில் குறித்த நாட்கள் கழியும் வரை பறிக்கக் கூடாது. கடையில் வாங்கிய அழகுச் செடியில் என்ன அடித்தார்கள் என்று தெரியாது. அதன் முதற் காய்களைத் தின்ன வேண்டாம். யாராவது தவறுதலாக மருந்தைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்க முயலாமல், போத்தலையும் எடுத்துக் கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அன்றைக்கே அந்தப் போத்தலுக்கு மருந்தின் பெயரை எழுதி ஒட்டி, வயல் வாடியில் பூட்டி வைக்கும்படி காக்காவிடம் கொடுத்துவிட்டார். தங்கைக்கு உதவ வந்த மனிதர். பாவம், வெட்கப்பட்டுப் போனார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கள் வீட்டிலும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது.

ஐந்து செடிகளைப் பிடுங்கி எரித்தோம். 33 செடிகளையும் அவரும் மூத்த மகளும் கிணற்றடிக்குக் கொண்டு போய் ஒவ்வொன்றாகக் கழுவினார்கள். பாதையோர வேலிக்குக் கிடுகு கட்டிப் புழுதியை மறைத்தார்கள். ஐந்து நாளுக்கு ஒருமுறை கலண்டரில் வட்டம் போட்டுச் சவர்க்காரக் கரைசல் அடித்தார்கள்.

போன கிழமை மறுபடி ஒரு கடிதம் வந்தது. நான்காம் தடவையும் அடித்தாயிற்று; இரண்டு செடிகள் தேறவில்லை; மற்ற 31 செடிகளிலும் புதுக் குருத்து பச்சையாக வருகிறது; வெள்ளைக் கடதாசியில் இப்போது தூசு மட்டும் விழுகிறது, நடக்கவில்லை என்று எழுதியிருந்தார். இந்தத் தடவை உறைக்குள் இலை இல்லை. உலர்ந்த சிவப்புக் கொச்சி ஒன்றின் விதைகளைக் கடதாசியில் மடித்து வைத்திருந்தார். என் வாசலில் ஒரு சட்டியில் அவற்றைப் போட்டிருக்கிறேன், மற்றச் சட்டிகளில் இருந்து தள்ளித் தனியாக.